ஆங்கிலத்தில் பன்மையும் உடைமையும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிக் காயல்பட்டினத்தில் ஆற்றிய உரை)

 

ஆங்கிலப் பெயர்ச்சொற்களின் பன்மை, உடைமை ஆகிய இரண்டையும் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்துள்ளனர். வெள்ளி விழா மேடையில் இலக்கணப் பாடமா என்று சிலர் வியக்கக்கூடும். வாழ்த்துரைகளுக்கு நடுவே இதற்கும் இடம் ஒதுக்கியவர்களை நான் பாராட்டுகிறேன். ஏனெனில், நம் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பங்களிலும் மனுக்களிலும் விடைத்தாள்களிலும் நான் மிகுதியாகக் காணும் பிழைகள் இவ்விரண்டு இடங்களிலேதான் நேருகின்றன. எத்தனை என்பதைச் சொல்வது பன்மை. யாருடையது என்பதைச் சொல்வது உடைமை. நாம் எத்தனை பேர், எப்பொருள் நம்முடையது என்னும் இரண்டு வினாக்களுக்கும் நெடுங்காலமாகப் பிறரே விடை எழுதி வந்தனர். அவ்விடையை இனி நாமே, பிழையின்றி எழுதப் பழக வேண்டும். அதற்கு உதவும் அளவில் சில கருத்துகளை மட்டும் இன்று கூறுகிறேன்.

பிழை எங்கிருந்து வருகிறது?

“ஃபோர் போட்” என்றும், “மை ஃபாதர் நேம்” என்றும் ஒரு மாணவன் எழுதினால் ஆசிரியருக்குச் சினம் வருகிறது. சில இடங்களில், “உனக்கெல்லாம் ஆங்கிலம் எதற்கு?” என்ற சுடுசொல்லும் பிறக்கிறது. இப்பிழைகள் அறிவுக் குறைவால் விளைவன அல்ல. தமிழ் வழக்கு நம் நாவில் ஊறியிருப்பதால் விளைவன.

கரையில் நான்கு படகு நிற்கிறது, பத்து ரூபாய் கொடு, மூன்று தேங்காய் வாங்கு என்று நாம் பேசுகிறோம். எண் முன்னே வந்துவிட்டபடியால் ‘கள்’ என்னும் ஈறு வேண்டப்படுவதில்லை. தொல்காப்பியர் ‘கள்’ ஈற்றை அஃறிணைப் பெயர்களுக்கு ஏற்கும் இடத்தில் வருவதாகவே சொன்னார். “மாடு வந்தது” என்றால் ஒன்று. “மாடு வந்தன” என்றால் பல. பெயர் மாறவில்லை, வினையே எண்ணைக் காட்டுகிறது. இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணம் வழங்குகிறது. நம் தென்பாண்டி நாட்டு இடையன்குடியில் வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் இவ்வியல்பைச் சுட்டிக்காட்டினார். ஆங்கிலத்தின் போக்கு வேறு. அங்கே எண் முன்னே நின்றாலும் பெயர் பன்மை உருவை ஏற்றாக வேண்டும். ஆகவே “ஃபோர் போட்ஸ்” என்றே எழுத வேண்டும்.

“மை ஃபாதர் நேம்” என்பதும் இவ்வாறே. தமிழில் “தந்தை பெயர்” என்பது ஆறாம் வேற்றுமைத் தொகை. உருபு மறைந்து நின்றே பொருள் தருகிறது. அப்பழக்கத்தில் மாணவன் ஆங்கிலத்திலும் உருபை மறைத்துவிடுகிறான். ஆங்கிலத்தில் இன்னாருடையது என்று ஒருவருக்கு உரிமை சொல்லும்பொழுது உருபை வெளிப்பட எழுத வேண்டும்: “மை ஃபாதர்’ஸ் நேம்”. ஆகையால் பிழை செய்த பிள்ளை தலை குனிய வேண்டியதில்லை. இரு மொழிகளும் எங்கே பிரிகின்றன என்பதை அறிந்துகொண்டால் போதும்.

சட்டங்களின் பெயரிலேயே பன்மைப் பாடம்

பன்மை விதிகளை மனத்தில் நிறுத்த நமக்கு வேறு எடுத்துக்காட்டுகள் வேண்டியதில்லை. நம்மைக் காக்கும் சட்டங்களின் ஆங்கிலப் பெயர்களே போதும். 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. அதன் பெயரில் “அஃபென்சஸ்” என்னும் சொல் இருந்தது. 1976-இல் அது குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. “ரைட்ஸ்” என்னும் சொல் வந்தது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முழுப் பெயரில் “காஸ்ட்ஸ்”, “டிரைப்ஸ்”, “அட்ராசிட்டீஸ்” என்னும் மூன்று பன்மைச் சொற்கள் உள்ளன.

இவற்றை உற்று நோக்குங்கள். ரைட், காஸ்ட், டிரைப், அஃபென்ஸ் ஆகிய நான்கும் எஸ் என்னும் ஓர் எழுத்தை மட்டும் ஏற்றன. ஆனால் ஒலி ஒன்றன்று. “ரைட்ஸ்”, “காஸ்ட்ஸ்” என்பவற்றில் ஈற்றொலி வன்மையாக ஒலிக்கிறது. “டிரைப்ஸ்” என்பதில் அதே எஸ், வண்டு இமிர்வது போல் அதிர்ந்து ஒலிக்கிறது. “அஃபென்சஸ்” என்பதில் ஓர் அசையே கூடுகிறது. எழுத்தில் ஒன்றாக இருப்பது நாவில் மூன்றாகிறது. நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர் இதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

எஸ், எக்ஸ், சி.எச்., எஸ்.எச். ஆகியவற்றில் முடியும் சொற்களோடு பெரும்பாலும் இ.எஸ். சேரும். கிளாஸ் என்பது “கிளாசஸ்” ஆகும். ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் நம்மைக் குறித்த “டிப்ரெஸ்டு கிளாசஸ்” என்னும் தொடர் இவ்விதிக்குச் சான்று.

ஒய் என்னும் எழுத்தில் முடியும் சொல்லில், அதற்கு முன் மெய்யெழுத்து இருந்தால், ஒய் நீங்கி ஐ.இ.எஸ். சேரும். அட்ராசிட்டி “அட்ராசிட்டீஸ்” ஆனது இவ்வாறுதான். ஃபிஷரி “ஃபிஷரீஸ்” ஆகும். காலனி “காலனீஸ்” ஆகும். (காலனி என்னும் சொல் வசைக் குறியீடாக மாறிவிட்டபடியால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததை இங்கே நினைவுகூர்கிறேன்.) ஒய்க்கு முன் உயிரெழுத்து இருந்தால் மாற்றம் இல்லை: “பாய்ஸ்”, “டேஸ்”.

எஃப் ஒலியில் முடியும் சில சொற்கள் வி.இ.எஸ். பெறும். பனையோலையைக் குறிக்கும் லீஃப் “லீவ்ஸ்” ஆகும்; கத்தியைக் குறிக்கும் நைஃப் “நைவ்ஸ்” ஆகும்; லைஃப் “லைவ்ஸ்” ஆகும். ஆனால் கூரையாகிய ரூஃப் “ரூஃப்ஸ்” என்றே நிற்கும். மேன் “மென்” ஆவதும், உமன் “விமன்” ஆவதும், சைல்டு “சில்ரன்” ஆவதும், ஃபுட் “ஃபீட்” ஆவதும் விதிக்கு அடங்காதவை, மனப்பாடமே வழி.

நம் கரைக்கு உரிய ஒரு சொல்லைச் சொல்லாமல் விட முடியாது. முத்தாகிய பேர்ல் “பேர்ல்ஸ்” ஆகும்; சிப்பியாகிய ஆய்ஸ்டர் “ஆய்ஸ்டர்ஸ்” ஆகும். ஆனால் மீனாகிய ஃபிஷ், பலவாயினும் பெரும்பாலும் “ஃபிஷ்” என்றே நிற்கும். பல்வேறு மீன் இனங்களைக் குறிக்கும்பொழுது மட்டும் “ஃபிஷஸ்” என்பர். ஆடாகிய ஷீப் என்பதும் மாறாது. நம் பால்பகா அஃறிணைப் பெயர் ஆங்கிலத்திலும் ஒரு சில இடங்களில் குடியிருக்கிறது என்று கொள்ளலாம்.

எண்ணிச் சொல்ல இயலாத பொருள்கள் பன்மை ஏலா. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், ஹோம்வொர்க் ஆகியவற்றோடு எஸ் சேர்ப்பது விண்ணப்பங்களில் நான் அடிக்கடி காணும் பிழை. உப்பும் அவ்வாறே. நம் உப்பளத்தில் எத்தனை மூட்டை குவிந்தாலும் “சால்ட்” என்பது ஒருமையே. மூட்டைதான் “பேக்ஸ்” எனப் பன்மை பெறும். “ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்” என்று எழுதுவதும் பிழை. பலருள் ஒருவர் என்பது பொருளாகையால் “ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ்” என்றே எழுதுக. வங்கித் தேர்வுகளிலும் மத்திய அரசுப் பணித் தேர்வுகளிலும் பிழை கண்டறியும் வினாக்களில் இவ்விடம் விரும்பிக் கேட்கப்படுகிறது.

அண்ணல் அம்பேத்கர் கண்ட பன்மை

பன்மை என்பது வெறும் எழுத்துக் கணக்கு அன்று என்பதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1916 மே 9 அன்று, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது இளைஞராகிய அண்ணல் அம்பேத்கர் ஓர் ஆய்வுரை படித்தார். அதன் தலைப்பு “காஸ்ட்ஸ் இன் இந்தியா” என்று தொடங்கும். காஸ்ட் அன்று, “காஸ்ட்ஸ்”. அவ்வுரையில் அவர் இலக்கணச் சொல்லையே எடுத்து வாதிட்டார். ஒருமை எண்ணில் சாதி என்பது உண்மைப் பொருள் ஆகாது. சாதிகள் பன்மை எண்ணிலேயே நிலவுகின்றன என்பது அவர் கருத்து. ஒரு கூட்டம் தன்னை வேலியிட்டு அடைத்துக்கொண்டால், வெளியே நிற்போரும் தத்தமக்கு வேலி இட்டுக்கொள்ள நேர்கிறது. ஒரு சாதி தனித்துப் பிறப்பதில்லை, ஒன்றையொன்று பிறப்பிக்கிறது. இத்துணைப் பெரிய சமூக உண்மையை அவர் எஸ் என்னும் ஓர் எழுத்தைக் கொண்டு விளக்கினார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1936-இல், அவர் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் பெயர் “அனிஹிலேஷன் ஆஃப் காஸ்ட்”. இங்கே எஸ் இல்லை. இந்தச் சாதி, அந்தச் சாதி என்று எண்ணி ஒழிப்பது நோக்கமன்று. சாதி என்னும் அமைப்பையே ஒழிப்பது நோக்கம். எண்ண இயலாப் பெயராக அச்சொல்லை ஆண்டார். 1916-இல் பன்மை ஏன், 1936-இல் ஒருமை ஏன் என்று கேட்கத் தெரிந்த மாணவன் இலக்கணத்தையும் அறிந்தவன், அண்ணலையும் அறிந்தவன்.

உங்கள் சான்றிதழ்களிலும் இதை நோக்குங்கள். ஒருவர் தம்மைப் பற்றி எழுதும்பொழுது “ஸ்கெட்யூல்டு காஸ்ட்” என்று ஒருமையில் எழுதுவார். சட்டமும் ஆணையமும் “ஸ்கெட்யூல்டு காஸ்ட்ஸ்” என்று பன்மையில் வழங்கும். ஏனெனில் அரசியல் சட்டத்தின் 341-ஆம் உறுப்பின்படி அறிவிக்கப்பட்ட பட்டியலில் இருப்பது ஒரு சாதி அன்று, பல.

உடைமைக் குறி

இனி உடைமைக்கு வருவோம். அப்பாஸ்ட்ரஃபி என்னும் மேற்புள்ளியே இங்குக் கருவி. ஒருவருடையது என்றால் மேற்புள்ளி முன்னும் எஸ் பின்னும் வரும்: “ஸ்டூடன்ட்’ஸ் புக்”. எஸ்ஸில் முடியும் பன்மைக்கு, எஸ்ஸுக்குப் பின் மேற்புள்ளி மட்டும் போதும்: “ஸ்டூடன்ட்ஸ்’ ஹாஸ்டல்”. எஸ் இல்லாத பன்மைக்கு மேற்புள்ளியும் எஸ்ஸும் சேர வேண்டும்: “சில்ரன்’ஸ்”, “விமன்’ஸ்”. நம் ஊரிலுள்ள வாவு வஜீஹா வனிதையர் கல்லூரியின் ஆங்கிலப் பெயரில் “விமன்’ஸ்” என்று வருவது இவ்விதிப்படியே. அண்ணல் அம்பேத்கர் 1945-இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தின் பெயர் “பீப்பிள்’ஸ் எஜுகேஷன் சொசைட்டி”. மக்களாகிய பீப்பிள் எஸ் இல்லாமலே பன்மையாகையால் மேற்புள்ளியும் எஸ்ஸும் சேர்ந்தன.

எஸ்ஸில் முடியும் இயற்பெயருக்கு இரு வழக்குகளும் உண்டு. “தமிழன்” இதழை நடத்திய பண்டிதர் அயோத்திதாசரின் பெயர் ஆங்கிலத்தில் தாஸ் என முடிகிறது. “தாஸ்’ஸ்” என்றும் எழுதலாம். “தாஸ்’” என்றும் எழுதலாம். ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே கடைப்பிடிப்பது முறை.

இருவர்க்கு உரிய பொருளில் நுட்பம் ஒன்று உண்டு. 1930-இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டிற்கு நம் பிரதிநிதிகளாக அண்ணல் அம்பேத்கரும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் சென்றனர். நம் மக்களுக்கான அரசியல் பாதுகாப்புகளைக் கோரி இருவரும் ஒரே அறிக்கையை அளித்தனர். கூட்டு உடைமையாகையால் பிற்பெயர் மட்டும் உருபு ஏற்கும்: “அம்பேத்கர் அண்ட் சீனிவாசன்’ஸ் மெமோரேண்டம்”. அவர்கள் தனித்தனியே ஆற்றிய உரைகளைச் சொல்லும்பொழுது இரு பெயரும் உருபு ஏற்கும்: “அம்பேத்கர்’ஸ் அண்ட் சீனிவாசன்’ஸ் ஸ்பீச்சஸ்”.

செய்யத் தகாதவை மூன்று. கடைப் பலகைகளில் “டீ’ஸ்”, “காஃபி’ஸ்” என்று எழுதுகின்றனர். வெறும் பன்மைக்கு மேற்புள்ளி கூடாது. அதனுடைய என்னும் பொருள் தரும் “இட்ஸ்” என்பதற்கும், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ் என்னும் பதிலிப் பெயர்களுக்கும் மேற்புள்ளி இல்லை. மேசையின் கால், பள்ளியின் கூரை போன்ற உயிரில் பொருள்களுக்குப் பெரும்பாலும் “ஆஃப்” என்னும் சொல்லைப் பயன்படுத்துவதே தக்கது. நிறுவனங்களின் பெயர்களில் சில மேற்புள்ளி இன்றியே பதிவாகியுள்ளன; அவற்றைப் பதிவில் உள்ளவாறே எழுதுக.

கூலிக் கணக்கில் ஒரு புள்ளி

காலத்தைக் குறிக்கும் சொற்களும் உடைமை உருபு ஏற்கும். ஒரு நாள் கூலி “எ டே’ஸ் வேஜ்”. பத்து நாள் கூலி “டென் டேஸ்’ வேஜஸ்”. இரண்டாண்டு அனுபவம் “டூ இயர்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ்”. உப்பளத்திலும் பனங்காட்டிலும் கட்டட வேலையிலும் உழைக்கும் குடும்பங்களுக்கு இது ஏட்டுப் பாடம் அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் ஒரு மனுவைக் கொண்டுவந்தார். தம் தந்தையோடு வேலை செய்த பலருக்குக் கூலி நிலுவை. மனுவின் தலைப்பில் “வொர்க்கர்’ஸ் வேஜஸ்” என்று எழுதியிருந்தார். உள்ளே “டென் டே” என்றிருந்தது. படிப்பவர் ஒரு தொழிலாளியின் குறை என்று கொள்ளவும் அதில் இடம் இருந்தது. மேற்புள்ளியை எஸ்ஸுக்குப் பின்னே மாற்றி “வொர்க்கர்ஸ்’ வேஜஸ்” என்று எழுதச் சொன்னேன். உள்ளே அத்தனை பேரின் பெயரையும் நாள் கணக்கையும் வரிசைப்படுத்தச் சொன்னேன். ஒருவருடையது பலருடையது ஆயிற்று. எழுதித் தருவோரைத் தேடி அலையாமல், மறு படியை அவரே எழுதி முடித்தார். நம் சங்கம் விழைவது இதனையே.

தற்கிழமையும் பிறிதின் கிழமையும்

ஆறாம் வேற்றுமையைப் பற்றி நன்னூல் கூறும் ஒரு கருத்தை இளைஞர்கள் அறிய வேண்டும். தமிழில் உருபு, உடைமைப் பொருளின் எண்ணைத் தழுவியது. ஒன்றாயின் “எனது கை”. பலவாயின் “என கைகள்” என்பது பழைய விதி. ஆங்கிலத்திலோ மேற்புள்ளியின் இடம் உடையவரின் எண்ணைத் தழுவியது. தமிழ் பொருளை எண்ணுகிறது. ஆங்கிலம் ஆளை எண்ணுகிறது. இதை உணர்ந்தால் மேற்புள்ளியின் இடம் தடுமாறாது.

மேலும் நன்னூல், உடைமையைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என இரண்டாகப் பகுக்கிறது. உறுப்பும் பண்பும் உடையவனை விட்டுப் பிரியாதவை, அவை தற்கிழமை. வேலும் மலையும் போலத் தன்னின் வேறான பொருளும் இடமும் பிறிதின் கிழமை. பின்னவை கைமாறக் கூடியவை.

இதற்கு நம் வரலாறே உரை எழுதியுள்ளது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை விவரித்து அளித்த அறிக்கையின் பயனாக, 1892-இல் சென்னை மாகாண அரசு நம் மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. பத்தாண்டு வரை விற்கக் கூடாது. பின்னரும் நம் மக்களுக்கே விற்கலாம் என்பன நிபந்தனைகள். பஞ்சமி நிலம் என நாம் அழைப்பது அதுவே. நிபந்தனைகள் இருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. ஆவணத்தைப் படிக்க இயலாதவனிடம் கைநாட்டு வாங்குவது எளிதாயிற்று. கல்வியோ தற்கிழமை, அதை எழுதி வாங்க எவராலும் இயலாது. நில உரிமை வேண்டா, கல்வி மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. பிரியாத உடைமையாகிய கல்வியே, பிரிந்துபோன உடைமையை மீட்கும் கருவி என்கிறேன்.

மரியாதைப் பன்மை

இறுதியாக ஒன்று. தமிழில் பன்மை, எண்ணை மட்டுமன்றி மதிப்பையும் காட்டும். ஒருவரைப் பன்மையால் கூறும் வழக்கைத் தொல்காப்பியரும் ஏற்றார். ஆனால் அம்மரியாதைப் பன்மை நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டது. நரைத்த தலையுடைய நம் பெரியவரைப் பள்ளிச் சிறுவன் ஒருமையில் விளித்த காலத்தை இங்குள்ள மூத்தோர் அறிவர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தம் இதழுக்குப் “பறையன்” என்றே பெயர் சூட்டினார். இழிவாக வீசப்பட்ட ஒருமையைத் தலைப்பாக்கி நிமிர்ந்து நின்ற துணிவு அது.

ஆங்கிலத்தில் முன்னாளில் ஒருமைக்குத் “தவ்” என்றும், பன்மைக்கும் மதிப்புக்கும் “யூ” என்றும் இரு சொற்கள் இருந்தன. காலப்போக்கில் “யூ” என்பதே எல்லார்க்கும் உரியதாயிற்று. மாவட்ட ஆட்சியரும் “யூ”. அவர் முன் மனுவோடு நிற்கும் உப்பளத் தொழிலாளியும் “யூ”. ஆங்கிலம் சாதியை ஒழித்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆங்கிலம் கற்றோரிடத்தும் சாதி குடியிருப்பதை நாம் அறிவோம். எனினும் அம்மொழியில் ஒருவரைத் தாழ்த்தி விளிக்கத் தனிப் பதிலிப்பெயர் இன்று வழக்கில் இல்லை என்பது நம் பிள்ளைகள் தயக்கமின்றி வாய் திறக்க ஒரு துணையாகும். தமிழிலும், நம் வீட்டிலும் தெருவிலும், உழைக்கும் பெரியோரை மரியாதைப் பன்மையால் அழைக்கும் பழக்கத்தை நாமே முதலில் தொடங்குவோம்.

இளைஞர்களே! நாளொன்றுக்குப் பத்து வாக்கியங்கள் எழுதுங்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லின்மீதும் விரலை வைத்து, “ஒன்றா, பலவா? யாருடையது?” என்று கேளுங்கள். ஆறு திங்களில் பிழை நீங்கும். நீங்கியபின் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பொன்விழா நடைபெறும் நாளில், நம் மக்களில் ஒருவரும் பிறர் எழுதிய மனுவில் கைநாட்டு வைக்கும் நிலை இருத்தல் ஆகாது.